ஜூஸ் கடையா, வீட்டு பிளெண்டரா, வெறும் பழமா? மட்டக்களப்பு வெயிலுக்கு ஒரு கணக்கு

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்பில் இரண்டு வியாபாரம் சூடுபிடிக்கும். ஒன்று மின்விசிறி, மற்றது ஜூஸ். அரசடிச் சந்தியில் தொடங்கி கல்லடிப் பாலம் தாண்டி, கல்முனை வீதி வழியே காத்தான்குடி வரைக்கும் போய்ப் பாருங்கள். பழங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, மேலே ஒரு வெள்ளை லைட்டைப் போட்டு, உள்ளே பிளெண்டர் சத்தம் விடாமல் கேட்கிற கூல் ஸ்பொட்கள் வரிசையாக வரும், அந்தப் பக்கம் சாய்ந்தமருது, கல்முனை, அக்கரைப்பற்று என்று போனாலும் இதே காட்சிதான். வேலை முடிந்து மூன்று மணி வெயிலில் மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டிப் போவது லேசான காரியம் இல்லை.

ஆனால் ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ் என்று பழக்கமாகிவிட்டால் மாதக் கடைசியில் கணக்கு கையைக் கடிக்கும். கிளாஸ் 350 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கடைக்குக் கடை, பழத்துக்குப் பழம் மாறும், கணக்குப் பார்க்க வசதியாக ஒரு தொகையைச் சொல்கிறேன்). மாதத்தில் 25 நாள் குடித்தால் 8,750 ரூபாய். இதைக் கேட்டதும் பலர் சொல்லும் பதில், "சோடா குடிக்கிறதை விட இது நல்லதுதானே, பழம்தானே" என்பது. அந்தப் பதிலையும் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும், கீழே வருகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஜூஸ் கடைக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. எந்தப் பழம் என்று பார்த்து முடிவெடுங்கள். வீட்டில் செய்யக் கஷ்டமான பழத்துக்குக் கடைக்காரருக்குக் காசு கொடுங்கள், கத்தியும் பத்து நிமிடமும் இருந்தால் ஆகிற பழத்துக்குக் கொடுக்காதீர்கள். ஆரோக்கியத்துக்காகக் குடிக்கிறேன் என்றால் அந்தக் காசுக்குப் பழத்தையே வாங்குங்கள்.

கடையில் ஒரு கிளாஸுக்குக் கொடுக்கும் காசில் பழத்தின் பங்கு எவ்வளவு என்று யாராவது யோசித்திருப்போமா? கடை வாடகை, பகல் முழுக்க ஓடும் பிரிட்ஜ், பிளெண்டர் பிடிக்கிற பொடியனின் சம்பளம், ஐஸ், பிளாஸ்டிக் கப், அழுகித் தூக்கி எறிகிற பழம், எல்லாம் அந்தக் கிளாஸுக்குள்தான் இருக்கிறது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்தில் பிரிட்ஜ் வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பிறகு கட்டணம் குறைந்தாலும் ஏறின ஜூஸ் விலை இறங்கியதாகத் தெரியவில்லை. அதற்காகக் கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வாங்குவது பெரும்பாலும் குளிரையும், நிழலையும், பாத்திரம் கழுவாத நிம்மதியையும்தான், அவ்வளவுதான் சொல்ல வருகிறேன். அதற்கும் ஒரு விலை உண்டு, சில நாட்களில் அது நியாயமான விலைதான்.

இனிப் பழங்களுக்கு வருவோம். வத்தகப்பழத்தைக் கடையில் ஜூஸாக வாங்குவது மாதிரி வீண் செலவு வேறில்லை. ஐந்து கிலோப் பழம் ஒன்று, கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் 750 ரூபாய். தோலையும் வெள்ளைப் பகுதியையும் கழித்தால் மூன்று கிலோவாவது சிவப்புச் சதை மிஞ்சும். ஒரு கிளாஸுக்கு 300 கிராம் என்றால் பத்து கிளாஸ் வரும், கிளாஸ் 75 ரூபாய். அதற்கு பிளெண்டர்கூடத் தேவையில்லை, கரண்டியால் மசித்து வடித்தாலே தண்ணீராக ஓடும். கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டால் சீனி தேவைப்படாது. கடையில் இதையே 250, 300 என்று கொடுத்து வாங்குகிறோம், பாதி ஐஸோடு. வீதியோரத்தில் குவித்து வைத்து விற்கிறவரிடம் தட்டிப் பார்த்து ஒன்றை வாங்கி ஓட்டோவில் போட்டுக்கொண்டு வந்தால் முடிந்த விஷயம்.

பப்பாசிப்பழமும் வாழைப்பழமும் இதே கூட்டம்தான். பப்பாசி பலர் வீட்டு வளவிலேயே நிற்கிறது, காகம் கொத்தி விழுகிறது, நாம் பாலம் தாண்டிப் போய் பப்பாசி ஜூஸ் குடிக்கிறோம்!

தோடம்பழக் கணக்கு வேறு மாதிரிப் போகும், அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகிற வீதியில் இருக்கிறது பிபிலை, அந்த ஊர் தோடைக்குப் பேர் போனது. தோல் பச்சையாக இருக்கும், உள்ளே நல்ல இனிப்பு (பச்சைத் தோலைப் பார்த்துப் பழுக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், நம்முடைய வெப்பத்துக்கு அது மஞ்சளாகாது). தோடம்பழத்தைப் பிழிந்தால் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சாறு வரும். ஆக, தண்ணீர் சேர்க்காத 250 மில்லி கிளாஸ் ஒன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல் பழம் வேண்டும். கிலோ 700 ரூபாய் என்று வைத்தால் பழத்துக்கு மட்டும் 350 ரூபாய்க்கு மேல் போகும். இப்போது சொல்லுங்கள், வாடகையும் கரண்டும் சம்பளமும் கொடுத்து ஒரு கடைக்காரர் அதை 350 ரூபாய்க்கு உங்களுக்கு எப்படித் தர முடியும்? முடியாது. இரண்டு பழமும் தண்ணீரும் சீனியும் ஐஸும்தான் வரும். தோடை, மாதுளை போன்ற பழங்களின் ஜூஸ் மலிவாக இருந்தால் அந்த விலையே கலப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். இது ஏமாற்று என்றும் சொல்ல முடியாது, யாரும் உங்களிடம் நூறு வீதம் சாறு என்று சத்தியம் பண்ணவில்லை. ஆனால் "தோடம்பழ ஜூஸ் குடித்தேன், விட்டமின் சி போதும்" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அது உங்கள் கணக்குப் பிழை.

சரி, கடைக்கு எதற்காகப் போகலாம்? என் பட்டியலில் முதலில் கொடித்தோடை (பஷன் ஃப்ரூட்). மலைப்பக்கத்திலிருந்து வருகிற பழம், எடையில் பாதிக்கு மேல் தோல், உள்ளே இருப்பதில் விதை வேறு. கிலோ 600 ரூபாய்க்கு வாங்கினாலும் வடித்தெடுத்த சாறு 300, 350 கிராம்தான் தேறும், அதில் நாலு கிளாஸ் போடலாம், பழத்துக்கு மட்டும் கிளாஸ் 150. விதையை வடியில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும், சமையலறை முழுக்க மஞ்சள் கறை. கடையில் 300க்குக் கிடைக்கிறதென்றால் அந்த 150 ரூபாயைக் கூலியாக நினைத்துக் கொடுக்கலாம்.

அடுத்தது விளாம்பழம். ஓட்டை உடைத்து, சதையைத் தோண்டி, நாரையும் விதையையும் கையால் பிசைந்து பிரித்து, கருப்பட்டியோ சர்க்கரையோ கரைத்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, உப்புத் தூவிச் செய்கிற பானம், நல்லாகச் செய்கிற கடை ஒன்று உங்கள் பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள். வீட்டில் அம்மம்மா இருந்தால் வேறு கதை. இல்லாதவர்களுக்குக் கடைதான். கரும்புச் சாறும் அப்படித்தான், வீட்டில் யாரும் அந்த மெஷின் வைத்துக்கொண்டு இருக்கப் போவதில்லை.

மாம்பழம் காலத்தைப் பொறுத்தது. மாம்பழக் காலத்தில் கடையில் மாம்பழ ஜூஸ் குடிக்கிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் பை நிறையக் கொண்டுவந்து தந்துவிட்டு "இன்னும் வேணுமெண்டா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்போதே வெட்டித் துண்டுபோட்டு, பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்துக்குக் காணும். உறைந்த துண்டைப் போட்டு அடித்தால் ஐஸே தேவையில்லை, ஜூஸும் தண்ணியாகாது. காலமில்லாத நாளில் கடையில் மாம்பழ ஜூஸ் கேட்டால் வருவது பெரும்பாலும் டின்னிலோ போத்தலிலோ அடைத்த கூழ், அதைக் குடிப்பதற்கு ஃப்ரெஷ் ஜூஸ் விலை எதற்கு? அன்னாசிக்கு ஒரு சின்னக் குறிப்பு: பாலோடு அடித்தால் உடனே குடித்துவிடுங்கள், வைத்திருந்தால் கசக்கும். அன்னாசியில் இருக்கிற நொதி பாலின் புரதத்தை உடைத்துவிடுகிறது.

இனி அந்த "பழம்தானே, நல்லதுதானே" என்கிற பேச்சுக்கு வருகிறேன். பழச்சாற்றில் உள்ள சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் பழத்தில் உள்ள சர்க்கரையோடு சேர்த்துக் கணக்கு வைப்பதில்லை, நாம் தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியோடு சேர்த்துத்தான் வைக்கிறது. 2015இல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டலில், இப்படிப்பட்ட சர்க்கரை ஒரு நாள் சக்தித் தேவையில் பத்து வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஐந்து வீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்று சொல்கிறார்கள். 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குப் பத்து வீதம் என்றால் 50 கிராம், ஐந்து வீதம் என்றால் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. முழுப்பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் அந்தச் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. சாறாக எடுத்தால் வரும்.

கடையில் நடப்பதைப் பாருங்கள். 350 மில்லி மாம்பழ ஜூஸுக்கு 150 கிராம் பழம் போடுகிறார் என்று வைப்போம், அதில் ஏறத்தாழ 21 கிராம் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் மூன்று மேசைக்கரண்டி சீனி போட்டால் இன்னும் 36 கிராம். மொத்தம் 57. ஒரு கிளாஸிலேயே ஒரு நாள் எல்லை தாண்டிவிட்டது. டின்பால் விட்ட அவகாடோ ஜூஸ், மேலே ஐஸ்கிரீம் வைத்த பலூடா இவற்றையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவே இல்லை, அவை இனிப்புப் பண்டங்கள், அப்படியே நினைத்துக் குடித்தால் பிரச்சினை இல்லை. டின்பாலில் ஏறத்தாழ பாதி சீனிதான் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். இலங்கையில் 2016இலிருந்து போத்தலிலும் பெட்டியிலும் வருகிற குளிர்பானங்களுக்கு நிற அடையாளம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு, 2இலிருந்து 11 வரை என்றால் மஞ்சள், 2க்குக் குறைவு என்றால் பச்சை. மேலே சொன்ன மாம்பழ ஜூஸை இந்தக் கணக்கில் போட்டால் 100 மில்லிக்கு 16 கிராம், நல்ல சிவப்பு. சீனி போடாமல் விட்டால் 6 கிராம், மஞ்சள். சோடாப் போத்தலில் நிறம் ஒட்டியிருக்கிறது, ஜூஸ் கடைக் கிளாஸில் ஒட்டியில்லை, அதனால்தான் அது ஆரோக்கியமாகத் தெரிகிறது. சீனி போடுவதா இல்லையா என்பதுதான் சிவப்பையும் மஞ்சளையும் பிரிக்கிறது, அது உங்கள் வாயில்தான் இருக்கிறது. ஒரு விதிவிலக்கு, திராட்சை. அதன் தனிச்சாறு சீனி போடாமலே 100 மில்லிக்கு 15 கிராம் பக்கம் போய்விடும்.

கேட்கும்போது "சீனி குறைய" என்று கேட்காதீர்கள், மூன்று கரண்டி இரண்டரையாகும், அவ்வளவுதான். "சீனி போடாம அடிங்க தம்பி, தேவையெண்டா மறுகா கேக்கிறன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில கடைகளில் சீனிப்பாணி காய்ச்சிப் பழக்கூழோடு முன்கூட்டியே கலந்து வைத்திருப்பார்கள், அங்கே நீங்கள் என்ன சொன்னாலும் பொடியன் தலையாட்டுவான், சீனி உள்ளேதான் இருக்கும். கண் முன்னால் பழத்தை வெட்டிப் போடுகிற கடையாகப் பார்த்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழுப்பழத்துக்கும் சாற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 187,000க்கு மேற்பட்ட சுகாதாரத்துறை ஊழியர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தது. திராட்சை, அப்பிள் போன்ற சில பழங்களை முழுதாகச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்புக் குறைவாக இருந்தது, பழச்சாறு கூடுதலாகக் குடித்தவர்களுக்கு அது கூடுதலாக இருந்தது. வாரத்தில் மூன்று தடவை சாற்றுக்குப் பதிலாக முழுப்பழம் என்று மாற்றினால் ஆபத்து 7 வீதம் குறைகிறது என்று கணக்குப் போட்டார்கள். இப்படிப் பின்தொடர்ந்து பார்க்கிற ஆய்வை வைத்து இதனால்தான் இது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. நாலு தோடம்பழத்தை ஒரே இருப்பில் உரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள், மூன்றாவதிலேயே போதும் என்றாகிவிடும். சாறாக்கினால் நாலும் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும், அரை மணியில் திரும்பப் பசிக்கும்.

ஆகவே சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நான் கடை ஜூஸ், வீட்டு ஜூஸ் என்று பிரித்துச் சொல்லவே மாட்டேன், பழத் துண்டு போதும், அதுவும் அளவாக. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காமரங்காய், விளிம்பிக்காய் இவற்றைச் சாறாகப் பிழிந்து குடிப்பது அவர்களுக்கு ஆபத்து, இரண்டிலும் ஒக்ஸலேற் அதிகம், காமரங்காயில் நரம்பைத் தாக்கும் நச்சு ஒன்றும் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களும் வெறும் வயிற்றில் கிளாஸ் கணக்கில் இதைக் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் இலங்கையிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கொழுப்புக் குறையும், பிரஷர் இறங்கும் என்று யாராவது விளிம்பிக்காய்ச் சாறு சொன்னால் கேட்காதீர்கள்.

சுத்தம் பற்றியும் பேசாமல் விட முடியாது. பழத்தை விட எனக்குப் பயம் ஐஸ்தான். நம்முடையது மீன்பிடி ஊர், ஐஸ் கட்டிகள் மீனுக்கென்றே தொழிற்சாலைகளில் உறைகின்றன, அந்த ஐஸை எந்தத் தண்ணீரில் செய்தார்கள், எந்தச் சாக்கில் சுற்றி எங்கே வைத்து உடைத்தார்கள் என்பது கிளாஸுக்குள் வந்தபிறகு யாருக்கும் தெரியாது. உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாம் சாகாது. நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் ஐஸ் வழியாகவும் வரும். உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்துக் குழாயில் தருகிற இடங்களில் கடைக்காரர் அதிலேயே ஐஸ் போட்டால் பயம் குறைவு. மாரி மழை கொட்டி, வெள்ளம் வந்து, மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகிப் போன வாரங்களில், கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிற கடையில் ஐஸ் போட்ட எதையும் நான் தொடமாட்டேன்.

பழத்திலும் வித்தியாசம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. தேசிக்காய், தோடை, அன்னாசி, கொடித்தோடை எல்லாம் புளிப்பு, அந்தப் புளிப்பில் கிருமி பெருகுவது கஷ்டம். வத்தகப்பழமும் பப்பாசியும் புளிப்பில்லாதவை, காலையில் வெட்டி ஈ மொய்க்க வெளியில் வைத்த துண்டில் மாலைக்குள் கிருமி தாராளமாகப் பெருகியிருக்கும். ஆகவே வெட்டி வைத்த வத்தகப்பழத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள், புதிதாக ஒன்றை வெட்டச் சொல்லுங்கள். பிளெண்டரை என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். ஓடுகிற குழாயில் கழுவுகிறார்களா, இல்லை ஒரே வாளித் தண்ணீரில் காலையிலிருந்து முக்கி முக்கி எடுக்கிறார்களா? கூட்டமுள்ள கடை நல்லது என்பார்கள், பழம் தேங்காது என்ற அளவில் அது உண்மை, ஆனால் கூட்டத்தில்தான் வாளி முக்கலும் அதிகம். நோன்பு காலத்தில் மாலை நேரம் காத்தான்குடிப் பக்கம் போனால், நின்று பார்த்து நல்ல கடையைத் தெரிவு செய்ய உங்களுக்கே நேரம் கிடைக்காது, அவ்வளவு சனம். அந்த நாட்களில் வீட்டிலேயே அடித்துக்கொள்வது உத்தமம்.

வீட்டில் அடிப்பதற்கு என்ன செலவு? பிளெண்டர் 12,000 ரூபாய் என்று வையுங்கள். வத்தகப்பழம், மாம்பழம், பப்பாசி என்று அடித்தால் கிளாஸுக்கு 200 ரூபாயாவது மிச்சம், 60 கிளாஸில் போட்ட காசு திரும்பிவிடும், நாலு பேர் உள்ள வீட்டில் இது ஒரு கச்சான் காலம்கூட ஆகாது. கரண்டுக்குப் பயப்பட வேண்டாம், 500 வாட் பிளெண்டர் மூன்று நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குதான். உண்மையான செலவு கழுவுவதுதான். பிளேடுக்கு அடியில் சிக்குகிற நாரை உடனே கழுவாமல் விட்டால் அடுத்த நாள் மணக்கும், யார் கழுவுவது என்று வீட்டில் சண்டை வரும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் பிளெண்டர் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் இருக்கிறது, வடகம் காயப்போடும் சுளகுக்குப் பக்கத்தில். அப்படி ஆகிவிடும் என்று தெரிந்தால் வாங்காதீர்கள். அடித்ததை வடிக்காமல் குடித்தால் நார் உங்களுக்கு, வடித்தால் நார் குப்பைக்கு.

வந்தாறுமூலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு பிளெண்டரும் இல்லை, பிரிட்ஜும் இல்லை. அவர்களுக்கு வெறும் பழம்தான் சரி, அதிலும் வாழைப்பழமும் கொய்யாவும். ஒரு ஜூஸ் காசுக்கு இரண்டு மூன்று நாளைக்கு வரும். கொய்யாவில் தோடையை விட விட்டமின் சி பல மடங்கு இருக்கிறது, யாரும் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து லைட் போடுவதில்லை, அதுதான் அதன் குறை.

தாகத்துக்கு என்றால் ஜூஸே தேவையில்லை, இளநீர் போதும். அதன் மூடி திறக்கும் வரை உள்ளே யாரும் கை வைக்க முடியாது, ஐஸ் இல்லை, சீனி இல்லை, கழுவாத பிளெண்டர் இல்லை. சர்க்கரை 100 மில்லிக்கு ஏறத்தாழ 3இலிருந்து 5 கிராம்தான். பச்சை இளநீரோ செவ்விளநீரோ, எதுவானாலும் சரி. பொட்டாசியம் கூட என்பதால் சிறுநீரக வருத்தக்காரர் மட்டும் டொக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். ஒரேயொரு எச்சரிக்கை, வெட்டின தண்ணீரைப் போத்தலில் ஊற்றி வாங்கிக்கொண்டு வெயிலில் திரியாதீர்கள், சீக்கிரம் புளித்துவிடும்.

மோர் என்று ஒன்று இருப்பதை நாம் மறந்தே போனோம். நாடு முழுக்க மட்டக்களப்புத் தயிர் என்று பேர் சொல்லி வாங்குகிறார்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எருமைகள் மேய்ந்து தயிர் சட்டி சட்டியாக ஆறு தாண்டிக் கிழக்கே எழுவான்கரைக்கு வருகிறது, அதில் நாலு கரண்டியை எடுத்துக் கடைந்து, தண்ணீர் விட்டு, உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு தேசி இலை கிள்ளிப் போட்டால் வெயிலுக்கு அதை அடிக்க ஒன்றுமில்லை. வியர்வையில் போன உப்பு திரும்ப வரும், சீனி சுத்தமாக இல்லை. ஒரு சட்டித் தயிரில் வீடே குடிக்கலாம். இதை விற்கிற கடைகள் ஏன் ஜூஸ் கடைகள் அளவுக்கு இல்லை என்பது எனக்குப் புரியாத விஷயம், நிறம் இல்லாததாலா தெரியவில்லை.

பெட்டி ஜூஸ், நெக்டர், கோர்டியல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெக்டர் என்றால் பழக்கூழோடு தண்ணீரும் சீனியும், கோர்டியல் என்றால் அதைவிடச் சீனி. நிற அடையாளத்தையும் பழம் எத்தனை வீதம் என்று எழுதியிருப்பதையும் பார்த்து வாங்குங்கள். பிரயாணத்தில், சுத்தமான கடை ஒன்றும் கண்ணில் படாத இடத்தில், சூடாக்கி அடைத்த பெட்டி ஜூஸ் ஐஸ் போட்ட கிளாஸை விடப் பாதுகாப்பு, அந்த ஒரு இடத்தில் நான் அதற்கு மார்க் கொடுப்பேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு அளவு வேறு. ஒரு வயதுக்குள் ஜூஸே வேண்டாம், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் சொன்னது, அதுவும் சீனி சேர்க்காத தனிச்சாறு. கடையில் பிள்ளைக்கென்று தனியாக ஒரு முழுக் கிளாஸ் வாங்கிக் கையில் கொடுப்பதை நிறுத்தினாலே போதும், உங்களுடையதில் கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள், 350 ரூபாயும் மிச்சம்.

கடைசியாக விருந்து, கலியாண வீடு. இருநூறு பேருக்கு ஜூஸ் என்று கடைக்கு ஓடர் கொடுக்கிறவர்கள் இப்போது அதிகம். அங்கே பழத் தெரிவில்தான் காசு போகிறது. கொடித்தோடை, அன்னாசி இரண்டும் மணமும் புளிப்பும் உள்ளவை, தண்ணீர் விட்டாலும் சுவை நிற்கும், சட்டென்று பழுதாகாது. வத்தகப்பழம், பப்பாசி, பால் சேர்த்த எதையும் காலையில் கலந்து பகல் பன்னிரண்டு மணிப் பந்திக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். சீனியைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விடாமல் இத்தனை லீற்றருக்கு இத்தனை கிலோ என்று பேசிக்கொள்ளுங்கள், ஒரு லீற்றருக்கு 50 கிராம் சீனி போதும், பழத்தின் இனிப்பும் சேர்ந்துவிடும். ஐஸைக் கலக்காமல், ஜூஸ் வாளியை ஐஸ் தண்ணீருக்குள் இறக்கி வைத்துக் குளிரவைக்கச் சொன்னால் ஐஸ் எந்தத் தண்ணீர் என்ற கவலையும் இல்லை, கடைசிப் பந்திக்கு வெறும் தண்ணீர் போகிற பிரச்சினையும் இல்லை. கொஞ்சம் முணுமுணுப்பார்கள், வாளி கூடத் தேவை என்று இருநூறு முந்நூறு கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம்.